மே கடைசித் திங்கள்: ஹொனலுலுவில் நினைவு நாள்

உறுப்பினர்களுக்கு வணக்கம். மே மாதக் கடைசித் திங்கட்கிழமை, அமெரிக்காவில் போரில் உயிர்நீத்த படைவீரர்களின் நினைவு நாள். தயவுசெய்து குழுவில் "வாழ்த்துகள்" அனுப்ப வேண்டாம். அன்று வாழ்த்துவதற்கு ஒன்றுமில்லை.

காலையில் பஞ்ச்பௌல் கல்லறைத் தோட்டத்துக்கு வர முடிந்தவர்கள் வாருங்கள். அணைந்த எரிமலையின் வாய்க்குள் 1949இல் திறக்கப்பட்ட இடம் அது. கல்லறைகளுக்கு லெய் என்னும் ஹவாய்ப் பூமாலையும் சிறு கொடியும் வைப்பார்கள். மாலைகளைத் தொடுப்பவர்கள் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளும் தன்னார்வலர்களும்தான். பூத்தொடுக்க நமக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன? வீட்டுத் தோட்டத்துப் பூக்களே போதும். காணாமற்போனோரின் பெயர்கள் செதுக்கிய சுவர்களையும் நின்று படியுங்கள்.

பேர்ல் ஹார்பர் துறைமுகத்தில், 1941 ஜப்பானியத் தாக்குதலில் மூழ்கிய அரிசோனா போர்க்கப்பலின் நினைவிடத்துக்குப் படகில் செல்ல முன்பதிவு செய்துகொள்வது நல்லது. கைப்பை கொண்டுபோக அனுமதியில்லை. அந்தக் கப்பலில் மட்டும் 1,177 பேர் இறந்தார்கள். கப்பலிலிருந்து இன்றும் எண்ணெய் கசிகிறது.

மாலையில் அலா மோவானா கடற்கரையில் விளக்கு மிதக்கவிடும் நிகழ்ச்சி நடந்தால் பஸ்ஸிலேயே வந்துவிடுங்கள். கார் நிறுத்த இடம் தேடுவதற்குள் விளக்குகள் பாதித் தூரம் போய்விடும்.

காலையில் வருபவர்கள் பெயரைக் குழுவில் பதியுங்கள்.