முட்டியில் போட்ட ஊசி

அன்புள்ள கமலா,

தீபாவளிக்கு எழுதுகிறேன் என்றவள் கார்த்திகையும் தாண்டி எழுதுகிறேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவனுக்கு இன்னும் பெண் அமையவில்லை.

கடைசியில் நானும் முட்டியில் ஊசி போட்டுக்கொண்டேன். ஸ்டீராய்டுதான், "எலும்பு உருகிடும்டி" என்று நீ மிரட்டினாயே, அதே. டாக்டர் முதலில் ஒரு சிரிஞ்சு நிறைய நீர் எடுத்தார், விளக்கெண்ணெய் நிறம். அப்புறம் டிரையாம்சினலோன் என்கிற அந்த ஸ்டீராய்டை 40 மில்லிகிராம், மரப்பு மருந்தோடு கலந்து உள்ளே விட்டார். மூன்றாம் நாள் கோலம் போட்டு நிமிர்ந்தபோதுதான் உறைத்தது, சுவரைப் பிடிக்காமலே எழுந்திருக்கிறேன்!

அன்றைக்கே சர்க்கரை 290. ஊசி போட்டால் சில நாள் ஏறும் என்று டாக்டர் சொல்லித்தான் இருந்தார்; நான் காதில் வாங்கவில்லை. ஒரு வாரத்தில் இறங்கிவிட்டது. உடனே சுவாமிமலை. 60 படியையும் வருஷப் பெயர் சொல்லியே ஏறினேன். நாலாவதிலேயே தடுமாறினேன், நம் சரஸ்வதி டீச்சர் பார்த்திருந்தால் பிரம்பெடுத்திருப்பார்.

இப்போது ஏழாவது வாரம், வலி மெல்ல எட்டிப் பார்க்கிறது. இன்னொன்று போடுங்களேன் என்றால், மூன்று மாதம் ஆகாமல் கிடையாது என்கிறார். 2017இல் அமெரிக்காவில் 140 பேரிடம் ஒரு ஆய்வு வந்ததாம். 12 வாரத்துக்கு ஒருமுறை, இரண்டு வருஷம். பாதிப் பேருக்கு இந்த மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். மருந்து போட்ட முட்டிகளில் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்ததாம். வலியில் பெரிய வித்தியாசமே இல்லையாம். அதனால் முட்டிக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து அமுக்கி, பத்து எண்ணிக்கொண்டிருக்கிறேன். படு போர்.

சரி, எழுத உட்கார்ந்ததே இதற்குத்தான். உங்கள் அக்கா மாதாமாதம் போட்டுக்கொள்கிறார் என்றாயே, அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அதுவும் தை மாதம் மூட்டு மாற்று ஆபரேஷன் வைத்துக்கொண்டு! ஊசி போட்டு மூன்று மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தால் கிருமி தொற்றும் ஆபத்து கூடுமாம். கடைசி ஊசி என்றைக்குப் போட்டது என்று ஆபரேஷன் செய்கிற டாக்டரிடம் தேதியோடு சொல்லச் சொல். மறைத்தால் நீயே சொல்லிவிடு. "ராஜத்துக்கு என்ன தெரியும்" என்பார், சொல்லட்டும்.

பதில் போடு. கார்டு போதும்.

உன்
ராஜம்