மிச்சென்சானி வீட்டை விட்டுப் போனவளுக்கு

உன் பேரைப் போடவில்லை. நம்ம பேட்ச் ஆட்கள் படிப்பார்கள், படித்ததும் யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள், இருந்தாலும் நானாகச் சொன்னதாக இருக்க வேண்டாம்.

அடுத்த மாதம் சான்சிபார் போகிறேன். சுவாஹிலி மேல்நிலை வகுப்பில் இடம் கிடைத்துவிட்டது. தங்குவது நாம் இருந்த அதே மிச்சென்சானி வீட்டில்தான், கிழக்கு ஜெர்மனிக்காரர்கள் திட்டம் போட்டுக்கொடுத்த அந்த நீள அடுக்குமாடியில். நம்மைத் தங்கவைத்திருந்த பிபி, நம் பாட்டி, இல்லாத வீட்டில் எப்படி இருக்கப்போகிறேனோ, ஆனால் வேறெங்கும் தங்க மனசு வரவில்லை.

அவர் போன செய்தி வந்ததிலிருந்து கோப்பை உடைந்த சாயங்காலம்தான் ஞாபகம் வருகிறது. பிபி ம்புசியில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நம்ம ஊர் துருவுமணையேதான் என்று முதல் நாள் நீ கத்தினாயே, அதில்தான். துருவலை ஓலையில் பின்னிய கிஃபும்புவில் போட்டு முறுக்கிப் பிழிய, முதல் பால் கெட்டியாக இறங்கிக்கொண்டிருந்தது. நீ தட்டோடு வந்து வாசல்படியில் தடுக்கினாய், இரண்டு கோப்பையும் போயிற்று. பயத்தில் "கிகோம்பே கிமெவுஞ்ஜிகா", கோப்பை உடைந்துவிட்டது, என்றாய். பிபி சில்லைப் பார்க்கவே இல்லை. இரண்டு விரலைக் காட்டி, "விகோம்பே விமெவுஞ்ஜிகா" என்றார். ஒன்று உடைந்தால் கி, இரண்டென்றால் வி, பெயரிலும் வி, வினையிலும் வி. உன்னைச் சொல்லவைத்து, சரியாக வந்த பிறகுதான் துடைப்பத்தை எடுத்தார். பெயர்ச்சொற்களை இனம் பிரிக்கும் அட்டவணையோடு வாரக்கணக்கில் முட்டிக்கொண்டிருந்தவளுக்கு அன்றைக்குப் பிடிபட்டது. என்னமாய்ச் சிரித்தாய்! அந்தச் சிரிப்புக்காகவே உன்னை எதுவும் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று நினைத்திருக்கிறேன்.

ஆனால் அந்த வீட்டைப் பற்றி நீ கொடுத்த அறிக்கையில் அப்படி எழுதியிருக்க வேண்டாம். வீட்டில் பேசுவது கொச்சையாம், தரமான மொழி பழக வழியில்லையாம். 1928இல் மொம்பாசா மாநாட்டில் பொதுத்தர சுவாஹிலிக்கு அடிப்படையாக எடுத்துக்கொண்டதே சான்சிபார் நகரத்துப் பேச்சைத்தான். பிபி பிறந்து வளர்ந்த தெருக்களின் பேச்சு அது. நம் பாடப்புத்தகம் அங்கிருந்து வந்தது, அவர் அதைப் பார்த்துப் பேசக் கற்றுக்கொள்ளவில்லை.

நீ விடுதிக்குப் போனதில் எனக்குக் கோபம் கிடையாது. அப்போது உன் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும், அதை இங்கே எழுத மாட்டேன். பெரியவர்களுக்குச் சொல்லும் வணக்கம், ஒரு ஷிகமோ சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், அவ்வளவுதான். பிபி கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். காய்ச்சல் என்று சொல்லிவைத்தேன். உடனே உஜிக் கஞ்சி காய்ச்சி, தூக்கில் ஊற்றி உனக்குக் கொடுத்தனுப்பினார். வாங்கி வைத்துக்கொண்டாய், குடித்தாயா என்று நான் கேட்கவில்லை. அவர் தினமும் உன்னை விசாரித்ததை உன்னிடம் சொல்லாததற்கு மன்னித்துக்கொள். சொல்லியிருந்தால் வந்திருப்பாயோ என்னவோ, ஆனால் நீயும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே.

போன வாரம் அவர் படத்தைப் போட்டு 'என் சான்சிபார் பாட்டி' என்று எழுதியிருந்தாய். பற்றிக்கொண்டு வந்தது. அப்புறம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், அவர் போர்த்தியிருந்தது தாராஜானி சந்தையில் நீ பேரம் பேசி வாங்கிக்கொடுத்த கங்கா துணி. ஜோடியில் ஒன்றை அப்போதே கிழித்தெடுத்து உன் தோளில் போட்டாரே. இன்னும் வைத்திருக்கிறாயா?

இரண்டு பேரும் வருகிறீர்களா என்று பிபியின் பேத்தி கேட்டிருக்கிறாள். நான் என் டிக்கெட்டை எடுத்துவிட்டேன். உனக்காக இன்னொரு தடவை பதில் சொல்ல என்னால் முடியாது. அவள் நம்பர் உன்னிடம் இருக்கிறது. நீயே எழுது, சுவாஹிலியிலேயே எழுது.