டர்போவுக்குப் பின்னால் பேக் பிரஷர் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய காரில் டர்போ (வெளியேறும் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) மாட்டுவது பற்றிப் போன வாரம் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். மற்றதெல்லாம் சரி, சைலன்சர் பைப் பற்றிய இரண்டு வரிதான் உறுத்துகிறது. எஞ்சினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் (வெளியேறும் புகையைத் தடுக்கும் எதிர் அழுத்தம்) வேண்டும், அதனால் பைப்பைப் பெரிதாக்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டறைகளில் வருஷக்கணக்காகக் கேட்டுவரும் பாட்டுதான் இது. டர்போ இல்லாத எஞ்சினிலேயே அது பாதி உண்மைதான், அங்கே தேவைப்படுவது அழுத்தம் இல்லை, புகையின் வேகம். ஒரு சிலிண்டரிலிருந்து விரைந்து போகும் புகை அடுத்ததையும் இழுத்துக்கொண்டு போகும், பைப் அளவுக்கு மீறி அகன்றால் அந்த வேகம் செத்துவிடும். நடுவில் டர்போ வந்துவிட்டால் இந்தக் கணக்கு அதோடு முடிந்தது. டர்போவுக்குள் புகையால் சுழலும் சக்கரமான டர்பைனுக்கு முன்னாலும் பின்னாலும் உள்ள அழுத்த வித்தியாசம்தான் அதைச் சுற்றுகிறது. பின்பக்கம் அடைப்பு குறையக் குறைய பூஸ்ட், அதாவது டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தம், சீக்கிரம் வரும்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். என்னிடம் இருப்பது இசுசு 1.8 பெட்ரோல் எஞ்சின் கொண்ட கான்டெஸா கிளாசிக். முதலில் ஒரு பட்டறையில் 2 அங்குல எம்.எஸ். (சாதாரண இரும்பு) பைப் போட்டுத் தந்தார்கள், வளைவுகளை உள்ளே நசுங்காமல் தாங்கும் மேன்ட்ரல் விடாமல் அப்படியே மடக்கியதால் ஒவ்வொன்றும் இளநீர் ஸ்ட்ரா மடிந்ததுபோல நசுங்கி இருந்தது, பூஸ்ட் வருவதற்குள் கியர் மாற்ற வேண்டிய நேரமே வந்துவிடும். ஆத்திரத்தில் முழுக்க 3 அங்குலத்துக்குத் தாவினேன். இரண்டரை அங்குலத்தைவிட அதன் குறுக்குப் பரப்பு 44 சதவீதம் அதிகம், வண்டி பறந்தது உண்மைதான், ஆனால் தெருவில் இருக்கும் ஒவ்வொரு வேகத்தடையிலும் பைப் உரசியது. போதாததற்கு 6 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் நிற்க வேண்டிய பூஸ்ட் 10ஐத் தாண்டி ஏறியது. பின்னால் தடை போய்விட்டதால், டர்பைனைத் தொடாமல் புகையைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் வால்வின் சின்னத் துளையால் மிச்சப் புகையை வெளியே விட முடியவில்லை. துளையைப் பெரிதாக்கிய பிறகுதான் நிம்மதி.

இப்போது டர்போவை ஒட்டி வரும் முதல் துண்டான டவுன்பைப் மட்டும் 3 அங்குலம், அப்புறம் வால் வரை இரண்டரை. டர்போவை விட்டு வெளியே வரும்போது புகை 750 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், வால் பக்கம் 400 டிகிரிக்குக் குறைந்தால் அதன் கனஅளவு மூன்றில் ஒரு பங்கு சுருங்கிவிடுகிறது, அகலம் முதல் ஒன்றரை அடியில்தான் வேண்டும். பின் ஆக்ஸில் மேலே வரும்போது இடிக்காமல் பைப்பைத் தாண்டவைக்கவும் இரண்டரைதான் வசதி.

இரும்பா எஸ்.எஸ்.ஸா (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்ற கேள்விக்குக் கட்டுரையில் எஸ்.எஸ். என்று ஒரே வார்த்தையில் பதில். எந்த எஸ்.எஸ்.? வீட்டு கேட் செய்யும் மலிவான 202 ரகக் குழாயை உயர்ந்த 304 ரகம் என்று தலையில் கட்டிவிடுவார்கள், இரண்டிலுமே காந்தம் ஒட்டாது என்பதால் காந்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. 304 சூட்டில் இரும்பைவிட அதிகமாக நீளும். 2 மீட்டர் பைப் 400 டிகிரி சூடேறினால் சுமார் 14 மில்லிமீட்டர். டவுன்பைப்புக்குப் பின்னால் வளைந்துகொடுக்கும் ஃப்ளெக்ஸ் ஜாயின்ட்டும், ஆட இடம் கொடுக்கும் ரப்பர் ஹேங்கர்களும் இல்லாவிட்டால் அந்த இழுப்பெல்லாம் எஞ்சினிலிருந்து டர்போவுக்குப் புகையைக் கொண்டுவரும் மேனிஃபோல்டில் போய் விரிசலாக முடியும். வெல்டிங்கின்போது பைப்புக்கு உள்ளேயும் ஆர்கான் வாயு விடச் சொல்லுங்கள், இல்லையென்றால் உள்பக்கம் கருகிக் கரடுதட்டிவிடும். கைக்குக் காசு இடித்தால் நல்ல எம்.எஸ். பைப்பே போதும், சில வருஷத்தில் துருப்பிடிக்கும், அவ்வளவுதான்.

சத்தத்துக்காக சைலன்சரையே கழற்றிவிடும் பையன்களுக்கும் ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். டர்பைனே பாதிச் சத்தத்தை விழுங்கிவிடுகிறது, உள்ளே நேர்க்குழாய் வைத்த ஒரு நல்ல சைலன்சர் போட்டால் சக்தி குறைந்ததே தெரியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் சத்தத்துக்கு அபராதம் 10,000 ரூபாய் வரை போகிறது, லைசென்ஸும் 3 மாதத்துக்குப் போகும். 50 வருஷம் தாண்டிய கார் வைத்திருப்பவர்கள் டர்போவைத் தொடும் முன் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 2021இல் வந்த விதிப்படி விண்டேஜ் பதிவு எண் வேண்டுமென்றால் வண்டி பழைய வடிவம் மாறாமல் இருக்க வேண்டும்.

அந்த இரண்டு வரியை அடுத்த வாரமே திருத்திப் போடுங்கள். உங்கள் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு, எங்கள் தெருப் பையன் தன் அம்பாசடர் 1800க்கு 2 அங்குல பைப் வாங்கக் கிளம்பிவிட்டான். நான்தான் டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கான்டெஸாக்காரன், கோயம்புத்தூர்