பொடி அரைக்க இடம் இருக்கிறது, பில் வைக்க இடம் இருக்கிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டிலிருந்தே தொழில் செய்யும் பெண்களைப் பற்றி நாளிதழ்களின் மகளிர் பக்கங்களில் அடிக்கடி கட்டுரைகள் வருகின்றன. பருப்புப்பொடிக்கு என்ன அளவு, எந்தத் திட்டத்தில் கடன், மாதம் எவ்வளவு கையில் நிற்கும் என்பதெல்லாம் சொல்கிறார்கள். பில்லை எங்கே வைப்பது, ஆர்டரை எதில் எழுதுவது, பிள்ளை பள்ளியிலிருந்து வருகிற நேரத்தில் கூரியர்காரரும் வாசலில் வந்து நின்றால் என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை. பொடி, தொக்கு, முறுக்கு என்று வீட்டில் செய்து விற்பவர்களுக்குக் கணக்கு எழுதும் வேலையில் இருப்பதால் இதைச் சொல்லத் தோன்றுகிறது. தொழிலை நிறுத்துகிறவர்களில் கைப்பக்குவம் போதாமல் நிறுத்துகிறவர்கள் குறைவு. வீடும் தொழிலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு இரண்டிலும் நிம்மதி போன பிறகு நிறுத்துகிறவர்கள்தான் அதிகம்.

தனி அறை வேண்டியதில்லை. ஹாலும் ஒரு படுக்கையறையும் உள்ள வாடகை வீட்டில் நாலடிக்கு இரண்டடியில் ஒரு மேசை போட்டால் போதும். ஆனால் அது தொழிலுக்கு மட்டுமான மேசையாக இருக்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் சமாளிக்கலாம் என்று நினைத்தால், ஒரு நாளைக்கு மூன்று வேளையும் எடுத்து வைத்துத் திரும்ப விரிக்கிறபோது பின்கோடு எழுதிய துண்டுச்சீட்டுதான் முதலில் காணாமல் போகும். மேசையை அடுப்பங்கரைச் சுவரை ஒட்டியோ, வெயில் விழும் ஜன்னலோரமோ போட வேண்டாம். கூரியர் லேபிளும் பெரும்பாலான கடை பில்லும் இப்போது தெர்மல் தாளில்தான் வருகின்றன. சூடு பட்டால் லேபிள் கறுக்கும், நாளானால் பில்லில் எழுத்து மங்கும். மிளகாய் வாங்கிய பில்லை அன்றைக்கே போனில் படம் எடுத்து வைக்காவிட்டால் வருடக் கடைசியில் கையில் இருப்பது வெறும் தாள்தான்.

உட்கார்ந்து எழுத 29, 30 அங்குல உயரம் சரி. அதே மேசையில் நின்று குனிந்து பேக்கிங் செய்தால் பத்து பார்சலுக்குள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். மதியச் சமையல் முடிந்ததும் சமையல் மேடையைத் துடைத்து நன்றாகக் காயவிட்டு, அந்த உயரத்தில் நின்றபடி பேக்கிங் செய்வது நல்லது. ஈரம் மட்டும் இருக்கவே கூடாது, பொடி கட்டி தட்டிவிடும். அட்டைப்பெட்டிகளை மடித்துப் பரணில் அடுக்கிக்கொள்ளலாம். மளிகைக் கடையில் சும்மா கிடைக்கிறதே என்று பழைய பெட்டிகளைத் தூக்கி வந்தால் மடிப்புக்குள் கரப்பான் முட்டையும் கூடவே வரும்.

மின்சாரத்திலும் கேஸிலும் கணக்கு தப்புகிறவர்கள் நிறையப் பேர். வீட்டு இணைப்பை வேறு உபயோகத்துக்குப் பயன்படுத்தினால், 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவின்படி அந்த உபயோகத்துக்குரிய கட்டணத்தைப்போல் இரண்டு மடங்கு வசூலிக்கலாம். எப்போதிலிருந்து என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் முந்தைய 12 மாதங்களுக்குச் சேர்த்துப் போடுவார்கள். அதனால் பல்வரைசர் (பொடி அரைக்கும் இயந்திரம்), பெரிய கிரைண்டர் என்று இறங்கும் முன்பே மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, எந்தக் கட்டணப் பிரிவில் வரும் என்று கேட்டுவிடுங்கள். சிலிண்டரும் அப்படித்தான். 14.2 கிலோ வீட்டுச் சமையலுக்கு, விற்பனைக்குச் செய்ய 19 கிலோ வணிக சிலிண்டர். வீட்டு சிலிண்டர் விலையை வைத்து முறுக்குக்கு விலை போட்டுவிட்டு லாபம் வருகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள், சிலிண்டரை மாற்றிய மாதம்தான் உண்மை விலையைப் பார்க்கிறார்கள்.

இனி ஆர்டர். வாட்ஸ்அப்பில் வந்த ஆர்டர் வாட்ஸ்அப்பிலேயே இருக்கிறதே, எதற்கு நோட்டு என்று கேட்பார்கள். நாத்தனாரின் காலை வணக்கமும் பள்ளி குரூப்பின் வீட்டுப்பாடமும் வந்து விழ விழ, "அக்கா, பருப்புப்பொடி ரெண்டு" மேலே போய் மறைந்துவிடும். தொழிலுக்குத் தனி சிம் வாங்கி, வீட்டில் கிடக்கும் பழைய போனில் போட்டு, வாட்ஸ்அப் பிசினஸ் செயலியை அதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் போன் மேசையை விட்டு நகரக் கூடாது, பிள்ளைகள் கைக்கும் போகக் கூடாது. இரட்டைச் சரிபார்ப்பு பின் எண்ணையும் போட்டு வையுங்கள். கணக்கு திருடுபோனால் வாடிக்கையாளர் பட்டியல் மொத்தமும் போய்விடும்.

அப்புறம் 200 பக்க நீள நோட்டு ஒன்று. ஒரு ஆர்டருக்கு ஒரே வரி: ஆர்டர் எண், தேதி, பெயர், ஊர், என்ன பொருள், எத்தனை, எவ்வளவு பணம், வந்ததா, கூரியர் எண். ஆர்டர் எண்ணை மாதமும் வரிசையுமாக எழுதினால் குழப்பம் வராது. 10/037 என்றால் அக்டோபரில் முப்பத்தேழாவது ஆர்டர். அதே எண்ணைப் பார்சலின் ஒரு மூலையிலும் எழுதுங்கள், வாடிக்கையாளருக்கும் அனுப்புங்கள். "என் பார்சல் எங்கே?" என்று ஒருவர் கேட்டால் வாட்ஸ்அப்பில் தேடாமல் நோட்டைப் பார்த்தே பதில் சொல்லிவிடலாம். பணம் வந்ததா என்ற கட்டத்தில் டிக் போடும் முன் வங்கிச் செயலியைத் திறந்து பாருங்கள். வாடிக்கையாளர் அனுப்புகிற ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து டிக் போடாதீர்கள், போலி ஸ்கிரீன்ஷாட் தயாரிப்பது இன்று சின்னப் பையன்களுக்கும் தெரியும்.

பின்பக்கத்திலிருந்து அதே நோட்டில் தயாரிப்புக் கணக்கை எழுதிக்கொள்ளலாம். என்றைக்கு வறுத்தது, யாரிடம் வாங்கிய மிளகாய், எத்தனை பாக்கெட். ஒவ்வொரு தயாரிப்பிலும் ஒரு பாக்கெட்டை விற்காமல், காலாவதித் தேதி வரை தனியே வைத்திருங்கள். முறுக்கில் சிக்கு வாடை வருகிறது என்று புகார் வந்தால் அந்தப் பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும், கோளாறு எண்ணெயிலா, அவர்கள் வீட்டில் திறந்து வைத்ததாலா என்று. லேபிளில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண், நிகர எடை, எல்லா வரிகளும் சேர்ந்த அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த தேதி, உங்கள் முகவரி, புகாருக்கான போன் எண் எல்லாம் இருக்க வேண்டும். எடை போடுவது ஆன்லைனில் வாங்கிய கிச்சன் தராசாக இருந்தால் அது செல்லாது. வியாபாரத் தராசில் தொழிலாளர் துறையின் முத்திரை இருக்க வேண்டும், அதை உரிய காலத்தில் புதுப்பிக்கவும் வேண்டும்.

கூரியரில்தான் கண்ணுக்குத் தெரியாமல் காசு போகிறது. பல கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து ஒரு எடை கணக்கிடுகின்றன. அதில் வருவதும் நிஜ எடையும், எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். 30, 20, 15 அளவுள்ள பெட்டியில் ஒரு கிலோ முறுக்கு வைத்தால் கணக்கு எடை 1.8 கிலோ, பில்லில் இரண்டு கிலோவாகிவிடும். 25, 15, 12 பெட்டியில் அரை கிலோ முறுக்கு என்றால் 0.9, ஒரு கிலோ கட்டணத்தில் முடிந்துவிடும். பொடிக்கு இந்தத் தொல்லை கிடையாது, அது சிறு பெட்டியிலேயே கனக்கும். ஆகவே இரண்டே அளவுப் பெட்டி வைத்துக்கொண்டு, அதில் அடங்குகிற அளவில் காம்போ போடுங்கள். பத்து விதப் பெட்டி வாங்கி வைத்தால் பரண்தான் நிறையும்.

பணத்துக்கு வருகிறேன். தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு முதல் நாளிலிருந்தே வேண்டும். கணவரின் சம்பளக் கணக்கில் க்யூஆர் கோடு வைத்து வாங்கினால், சீட்டுப் பணமும் தங்கை திருப்பித் தந்த கடனும் பொடி விற்ற பணமும் ஒரே பட்டியலில் கலந்துவிடும். 2025 ஜூலையில் பெங்களூரில் சிறு கடைக்காரர்களுக்கு யுபிஐ வரவை வைத்து ஜிஎஸ்டி நோட்டீஸ் போனபோது, வந்ததெல்லாம் வியாபாரப் பணம் இல்லை என்று விளக்குவதற்கே பலர் திண்டாடினார்கள். தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு என்பது பலருக்கும் தெரியும். வரிக்குரிய பொருளை வெளிமாநிலத்துக்கு விற்றால் இந்த வரம்பு பொருந்தாது என்பது பலருக்குத் தெரியாது. மாநில எல்லை தாண்டிப் போகும் ஒரு பாக்கெட் மசாலாப்பொடிக்கும் பதிவு வேண்டும். ஓசூரில் இருப்பவர் பக்கத்துப் பெங்களூருக்கு அனுப்புவதும் இதில்தான் வரும். வாடகை வீடு என்றால் பதிவுக்கு உரிமையாளரின் சம்மதக் கடிதமும் மின் கட்டண ரசீதும் கேட்பார்கள். உரிமையாளரிடம் முதலிலேயே பேசி வைப்பது நல்லது. அவசரத்தில் கேட்டால் வாடகையை ஏற்றப் பார்ப்பார்.

வீட்டுச் செலவுக்கு வாரம் ஒரு தொகை என்று எடுத்து, அதையும் நோட்டில் எழுதுங்கள். சொந்தக்காரர்களுக்குச் சும்மா கொடுக்கிற பொடியையும் விலை சுழியம் என்று போட்டு எழுதினால் மாதக் கடைசியில் சரக்கு ஏன் குறைகிறது என்பதற்கு விடை கிடைக்கும். (கல்யாண வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய நான்கு கிலோ ஊறுகாய் எந்தக் கணக்கிலும் வராமல் போவது சர்வ சாதாரணம்.) சனிக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி வங்கிப் பட்டியலையும் நோட்டையும் வரி வரியாக ஒத்துப் பார்க்க வேண்டும். ஒரு வாரம் விட்டால் அடுத்த வாரம் இரண்டு மணி நேரமாகும், ஒரு மாதம் விட்டால் யாரும் திரும்ப அதைத் தொடமாட்டார்கள்.

குடும்பத்தோடு மோதல் வருவது பெரும்பாலும் நேரத்தில். மிளகாய் வறுப்பதைப் பிள்ளைகள் பள்ளிக்குப் போன பின், ஒன்பதரைக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். நெடியில் வீட்டில் ஒருவருக்கு வீசிங் வந்தால் தொழிலுக்கே எதிர்ப்பு கிளம்பும். பன்னிரண்டரைக்கு அடுப்பு வேலை முடிய வேண்டும். சூடு ஆறாமல் பாக்கெட்டில் போட்டால் உள்ளே வியர்க்கும் என்பதால் முந்தின நாள் செய்ததைத்தான் அன்று பேக்கிங் செய்ய முடியும். இதை மறந்து "இன்றே அனுப்புகிறேன்" என்று வாக்குக் கொடுப்பதுதான் மாலைச் சண்டைக்கு வித்து. கூரியர் பிக்கப்பை இரண்டரை மணிக்கு வைக்கச் சொல்லிக் கேளுங்கள். நான்கு மணி என்றால் பள்ளி வேனும் கூரியர்காரரும் ஒன்றாக வந்து நிற்பார்கள். நேரம் ஒத்துவராவிட்டால் வீட்டில் ஒருவர் நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம்.

நான்கு முதல் எட்டரை வரை தொழில் போன் மேசையிலேயே மௌனமாகக் கிடக்கட்டும். வாட்ஸ்அப் பிசினஸில் நேரம் குறித்து வைத்தால் தானாகப் பதில் போகும்: "காலை 10 முதல் 1 வரையும் இரவு 8.30 முதல் 9 வரையும் பதில் தருகிறோம்" என்று ஒரு வரி. இப்படிச் செய்தால் ஆர்டர் போய்விடும் என்று பயப்படுகிறார்கள். எப்போது பதில் வரும் என்று தெரிந்தால் பொடி வாங்குகிறவர் காத்திருப்பார். பிள்ளைக்குப் பரீட்சை, வீட்டில் விசேஷம் என்றால் பத்து நாளுக்கு முன்பே ஸ்டேட்டஸில் போட்டுவிடுங்கள். தீபாவளிக்கு வெளியூர் ஆர்டரைப் பத்து நாளுக்கு முன்பே நிறுத்தாதவர்கள், பண்டிகையன்று எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நேரத்தில் "பார்சல் வரலை" என்ற போனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

"வீட்லதானே இருக்க, ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்" என்று கூப்பிடுகிற சொந்தங்களுக்கு, "சித்தி, ரெண்டரைக்குக் கூரியர் வரும், மூணு மணிக்கு மேல வர்றேன்" என்று நேரத்தைச் சொல்லிவிட்டால் மனத்தாங்கல் வராது. வேலை இருக்கிறது என்று மட்டும் சொன்னால் அது மறுப்பாகத்தான் காதில் விழும்.

பூண்டு உரிக்கிற மாமியாருக்கும் கூலி உண்டு. கிலோவுக்கு இவ்வளவு என்று பேசி, "அத்தை, இந்த வாரக் கணக்கு" என்று கையில் கொடுத்து நோட்டில் எழுதுங்கள். அவர் ஊருக்குப் போகிற மாதம் வெளியாளை வைத்தால் என்ன செலவாகும் என்பது விலையில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். கணவர் "ஹெல்ப் பண்றேன்" என்று பொதுவாகச் சொல்வதை ஏற்க வேண்டாம். சனிக்கிழமைக் கணக்கு ஒத்துப் பார்ப்பதோ, கூரியர் அலுவலகத்துக்குக் கொண்டுபோவதோ, ஒரு வேலையை முழுதாக அவர் பேரில் எழுதிவிட்டால் அதை நினைவுபடுத்தும் வேலையாவது உங்களுக்கு மிஞ்சாது.

சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரசின் தளத்தில் ஆதாரும் பான் எண்ணும் கொண்டு இலவசமாகவே செய்துகொள்ளலாம். அதே பெயர்போல் ஒலிக்கும் தனியார் தளங்களில் ஆயிரக்கணக்கில் கட்டிவிட்டு வருகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். முகவரியின் கடைசியில் gov.in என்பதற்கான ஆங்கில எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்த்தாலே போதும். இதை ஒரு பெட்டிச் செய்தியாகப் படத்துடன் தாங்கள் வெளியிட்டால் பலருக்கு உதவும்.

அடுத்த முறை வீட்டுத் தொழில்முனைவோரைப் பேட்டி எடுக்கும்போது உங்கள் செய்தியாளர்கள் மாத வருமானத்தோடு இன்னும் சிலவற்றையும் கேட்டு எழுத வேண்டுகிறேன்: ஒரு பார்சலுக்குப் பெட்டி, டேப், கூரியர் சேர்த்து எவ்வளவு ஆகிறது, போனை எத்தனை மணிக்கு வைக்கிறார், வீட்டில் யாருக்கெல்லாம் கூலி கொடுக்கிறார், இவையெல்லாம் கழித்த பிறகு சொல்லும் தொகைதானா அந்த வருமானம்.

இப்படிக்கு,
வாசகி,
சிங்காநல்லூர், கோயம்புத்தூர்.