ஒரே எண்ணிக்கையை எத்தனை முறை அனுப்புவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆசிரியர்களின் பணிச்சுமை பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தேர்தல் வேலை, கணக்கெடுப்பு வேலை பற்றியே அது அதிகம் பேசியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றுக்கு ஆசிரியர்களை அனுப்பலாம் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 27ஆவது பிரிவிலேயே சொல்லிவிட்டது. சரி, அவை எப்போதோ வருபவை. எங்களை அரிப்பது தினமும் வரும் சில்லறை வேலைகள்.

எங்களுடையது ஈராசிரியர் தொடக்கப் பள்ளி. வகுப்புகள் ஐந்து. தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போய்விட்டால் ஐந்தும் என் தலையில். காலையில் வருகையைச் செல்போனில் பதிவு செய்கிறேன் (சிக்னல் வேப்பமரத்தடியில்தான் கிடைக்கும், அது தனிக்கதை). அரை மணி நேரத்தில் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி: 'இன்றைய வருகை, காலை உணவு சாப்பிட்டோர் எண்ணிக்கை உடனே அனுப்பவும்.' மதியம் அதே எண்ணிக்கை வேறொரு படிவத்தில். மாதக் கடைசியில் அதையே தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே பதிவேற்றியதை அங்கிருந்தே எடுத்துக்கொண்டால் என்ன?

இதில் பறிபோவது எது என்று சொல்கிறேன். மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் 'காகம்' என்பதைக் 'கரகம்' என்று வாசித்தான். துணைக்காலுக்கும் 'ர'வுக்கும் அவனுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அடிப்படை வாசிப்பும் கணக்கும் வருவதற்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அவரவர் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்திருக்கிறோம். அரும்பில் இருப்பவனை மொட்டுக்குக் கொண்டுவர ஒரே வழி, தினமும் பத்து நிமிடம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, விரல் வைத்து வாசிக்க வைப்பது. அந்தப் பத்து நிமிடம்தான் வேப்பமரத்தடியில் போகிறது.

நம் பக்கமும் தப்பு உண்டு. பார்வைக்கு வருபவர் புரட்டிப் பார்ப்பாரோ என்ற பயத்தில் எல்லா நோட்டிலும் எல்லாப் பக்கத்திலும் சிவப்பு மையால் டிக் போட்டுக்கொண்டிருந்தேன். எந்தப் பிள்ளையும் அதைப் பார்த்துத் திருந்தியதில்லை. போன வருடம் அதை விட்டேன். இப்போது நாளுக்கு ஐந்து பேர் நோட்டு மட்டும், அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே திருத்துகிறேன். வாரத்தில் எல்லாரும் ஒரு சுற்று வந்துவிடுகிறார்கள். சார்ட் ஒட்டுவதையும் குறைத்துவிட்டேன்.

அப்புறம் ஒருநாள் பார்வைக்கு வந்த அலுவலர், "சுவர் காலியா இருக்கே டீச்சர்" என்றார். 'கரகம்' என்று வாசித்த அந்தப் பையனை எழுப்பி வாசிக்கச் சொன்னேன். தடுமாறாமல் வாசித்தான். அவரும் தட்டிக்கொடுத்தார். போகும்போது பார்வைப் பதிவேட்டில் 'சார்ட் ஒட்டவும்' என்று எழுதிவிட்டுத்தான் போனார்.

தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரக் கற்பித்தல் என்று அதே சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேரம், பாடத் தயாரிப்பையும் சேர்த்து. தயாரிப்புக்கு அதில் இடம் இருக்கிறது, படிவத்துக்கு இல்லை.

படிவங்களை ஒரே நாளில் ஒழிக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். காலை பதினொரு மணி வரை எந்த எண்ணிக்கையும் கேட்காமல் இருந்தால் இப்போதைக்குப் போதும். பிள்ளைகள் கண்ணைச் சொருகாமல் உட்கார்ந்திருப்பது அந்த நேரத்தில்தான்.

இப்படிக்கு,
ஓர் இடைநிலை ஆசிரியை,
விருதுநகர் மாவட்டம்.