சின்ன கேம்களையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீடியோ கேம் துறை பற்றிச் சென்ற வாரம் வந்த கட்டுரை, கேம் செய்ய நூற்றுக்கணக்கான ஆட்களும் கோடிக்கணக்கான டொலரும் வேண்டும் என்று முடிகிறது. எங்கள் பாடசாலைப் பிள்ளைகளும் அதைப் படித்துவிட்டு முகம் வாடிப்போனார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

பணத்தைக் கொட்டினால் மட்டும் கேம் ஓடிவிடாது. சோனி 2024 ஆகஸ்டில் வெளியிட்ட 'கொன்கோர்ட்' என்ற கேம் இரண்டே வாரத்தில் நிறுத்தப்பட்டு, வாங்கியவர்களுக்குக் காசும் திருப்பிக் கொடுக்கப்பட்டது. ஆனால் எரிக் பரோன் என்பவர் நாலரை வருடம் தனியாளாக உட்கார்ந்து, படம், இசை, கதை எல்லாம் தானே செய்து 2016இல் வெளியிட்ட 'ஸ்டார்டியூ வேலி' 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. 'வெண்பா' என்ற கேம் நமக்கு இன்னும் நெருக்கம். கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பம். அம்மா கொடுத்த சமையல் குறிப்பேட்டில் அழிந்துபோன இடங்களை ஊகித்து இட்லி அவிக்க வேண்டும். 2024இல் பிரித்தானியாவின் பாஃப்டா அமைப்பு வழங்கும் சிறந்த அறிமுக கேம் விருது அதற்குத்தான் கிடைத்தது.

எங்கள் கணினி அறையில் இருப்பவை 4 ஜிபி ரெம் உள்ள பழைய கணினிகள். 100 ஜிபியைத் தாண்டும் பெரிய கேம்களை இங்கே நினைத்தும் பார்க்க முடியாது. மழை பிடித்தால் சிக்னலே இருக்காது. கேம் செய்ய உதவும் கோடோ என்ற இலவச மென்பொருள் 200 எம்பிகூட வராது. அதை வைத்துத் தரம் 10 மாணவி ஒருத்தி ஒரு கேம் செய்திருக்கிறாள். மலைச்சரிவில் ஏறித் தேயிலைக் கொழுந்து பறித்து, காலில் ஏறும் அட்டைகளை உதறிவிட்டு, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே தராசில் வைத்ததும் இரண்டு கிலோ குறைகிறது. புரோகிராமில் பிழையோ என்று கேட்டேன். "இல்ல டீச்சர், அம்மாவுக்கு அப்படித்தான் கழிக்கிறாங்க" என்றாள். எவ்வளவு பணம் போட்டாலும் வெளியாட்களுக்கு இது தோன்றுமா?

சின்ன கேம்கள் எல்லாமே விற்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலானவை விற்பதில்லை. கேம் விற்கும் இணையத்தளமான ஸ்டீமில் ஒரு கேம் போடவே 100 டொலர் கட்ட வேண்டும், தோட்டத்துப் பிள்ளைக்கு அது பெரிய தொகை. சரி, இட்ச்.ஐஓ தளத்தில் காசில்லாமல் போடலாம். முதலில் அவர்கள் செய்து பழகட்டும்.

உங்கள் சிறுவர் பக்கத்தில் மாதம் ஒரு தடவையாவது இப்படி ஒரு சின்ன கேமையும் அது உருவான விதத்தையும் எழுதுங்கள். இந்த மாணவியின் கேமை அனுப்பிவைக்க நான் தயார்.

இப்படிக்கு,
தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப ஆசிரியை,
தலவாக்கலை.