வாசா கப்பலுக்கு ஒரு மணி நேரம் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த, ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோம் பற்றிய பயணக் கட்டுரையைப் படித்தேன். பழைய நகரமான காம்லா ஸ்தானின் சந்துகள், அரண்மனை, நோபல் விருந்து நடக்கும் நகர மண்டபம் என்று எல்லாவற்றையும் கட்டுரையாளர் நன்றாகவே எழுதியிருந்தார். கடலில் மூழ்கி மீட்கப்பட்ட பழைய போர்க்கப்பலான வாசாவை வைத்திருக்கும் அருங்காட்சியகத்துக்கு மட்டும் ஒரே வரி: ஒரு மணி நேரம் போதுமாம். அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

போன ஜூனில் நானும் என் கணவரும் ஒரு சுற்றுலாக் குழுவோடு அங்கே இரண்டு நாள் இருந்தோம். வாசாவுக்கு எங்களுக்குக் கொடுத்தது நாற்பது நிமிடம். உள்ளே மரம் கெடாமல் இருக்க விளக்கை மங்கலாகத்தான் வைத்திருக்கிறார்கள். அந்த அரையிருட்டில் 69 மீட்டர் நீளத்துக்குக் கறுத்து நிற்கிறது கப்பல். கண் பழகுவதற்குள் பாதி நேரம் போய்விட்டது. மனசு கேட்கவில்லை. மறுநாள் குழு கடைவீதிக்குக் கிளம்பியபோது நாங்கள் இருவர் மட்டும் ஸ்லுசன் படகுத்துறையில் படகு ஏறித் திரும்பவும் போனோம்.

1628 ஆகஸ்ட் 10 அன்று முதல் பயணம் புறப்பட்ட கப்பல் இது. சுமார் 1,300 மீட்டர்தான் போனது. காற்றில் சாய்ந்தது, திறந்திருந்த பீரங்கித் துளைகள் வழியாகத் தண்ணீர் புகுந்தது, கரையில் கூடியிருந்த ஊரே பார்க்க மூழ்கிவிட்டது. ஏறத்தாழ முப்பது பேர் இறந்தார்கள். மாலுமிகளின் குடும்பத்தாரும் கப்பலில் இருந்தார்கள் என்பதைப் படித்தபோது எனக்குத் தாங்கவில்லை.

இது தெரியாமல் நடந்த விபத்தும் அல்ல. அடிப்பகுதி குறுகல், மேலே இரண்டு அடுக்கில் 64 பீரங்கிகள். புறப்படும் முன்பே முப்பது ஆட்களைத் தளத்தில் குறுக்கும் நெடுக்குமாக ஓடவிட்டுச் சோதித்திருக்கிறார்கள். கப்பல் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து, கவிழ்ந்துவிடும் என்று பயந்து பாதியிலேயே நிறுத்தியிருக்கிறார்கள். ஆனாலும் போர்முனையிலிருந்த ஸ்வீடன் மன்னர் குஸ்தாவ் அடால்ஃப் அவசரப்படுத்த, கப்பல் கிளம்பிவிட்டது. பிறகு நடந்த விசாரணையில் யாருக்கும் தண்டனை இல்லை.

ஆண்டர்ஸ் ஃபிரான்சேன் என்பவர் அதை 1956-ல் தேடிக் கண்டுபிடித்தார். மூழ்கு வீரர்கள் 32 மீட்டர் ஆழத்தில், கப்பலுக்கு அடியில் ஆறு சுரங்கம் தோண்டிக் கம்பிவடம் கோத்தார்கள். 1961 ஏப்ரல் 24 அன்று கப்பல் வெளியே வந்தது. நான் நாகப்பட்டினத்துக்காரி. மரப்படகைக் கடல்புழு என்ன பாடுபடுத்தும் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். 333 வருஷம் மரம் எப்படித் தாங்கியது என்பதுதான் என் முதல் கேள்வி. பால்டிக் கடலில் உப்பு குறைவு, அதனால் அந்தப் புழு அங்கே வாழாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அப்புறம் காற்றுப்பட்டு மரம் சுருங்காமலிருக்க 17 வருஷம் ஒரு மெழுகுக் கரைசலைத் தெளித்துக்கொண்டே இருந்தார்களாம். நாம் பார்ப்பதில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பங்கு அதே பழைய மரம்.

மூழ்கியவர்களில் சிலரின் எலும்புக்கூடுகளும், எலும்பை வைத்து வடித்த முகங்களும் கீழ்த்தளத்தில் இருக்கின்றன. முதல் நாள் அங்கே நாங்கள் போகவேயில்லை. ஒரு மணி நேரம் ஒதுக்குகிறவர்களும் போகமாட்டார்கள்.

இரண்டு நாள்தான் இருக்கிறது என்றால் ஒரு காலைப்பொழுதை முழுதாக வாசாவுக்குக் கொடுக்கலாம். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருப்பதால் பழைய நகரத்தைச் சாப்பாட்டுக்குப் பிறகுகூடச் சுற்றலாம். போகிற வழியில் டி-சென்ட்ராலன் மெட்ரோ நிலையத்தின் நீலக் கோடு நடைமேடையில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். குகை போன்ற கூரையில் நீலநிறச் செடிகொடிகளோடு, அந்த நிலையத்தைக் கட்டிய தொழிலாளர்களையும் நிழலுருவாக வரைந்திருக்கிறார்கள். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது, பயணச்சீட்டு இருந்தால் போதும்.

அடுத்த முறை பயணக் கட்டுரை வெளியிடும்போது எந்த இடத்துக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்பதை, அங்கே நிதானமாக நின்று பார்த்தவர்களிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். பணம் சேர்த்து ஒரே ஒரு தடவை போகிறவர்கள் அந்த வரியை நம்பித்தான் திட்டம் போடுகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நாகப்பட்டினம்.